படிகம் தாங்கும், ஒட்டு தாங்குமா?

கேட்கப்பட்ட கேள்வி இது: "எம்.இ. கடைசி செமஸ்டரில் இருக்கிறேன். கடுமையான சூழலில் இருக்கும் கட்டமைப்புகளைக் கண்காணிக்கும் மீயொலி சென்சார்கள் பற்றி பிஎச்டி செய்ய ஓர் இடம் அமையும்போல் இருக்கிறது. நான்கைந்து வருஷம் உட்கார்ந்து உண்மையில் என்ன செய்வேன்? இது மெட்டீரியல்ஸ் வேலையா, எலக்ட்ரானிக்ஸா, சிக்னல் பிராசஸிங்கா? முடித்தபின் வேலை உண்டா?"

நானும் இதே துறையில் பிஎச்டி முடித்து இதிலேயே இருப்பவன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது ஒட்டு வேலை. நீங்கள் சொன்ன மூன்றும் இதில் உண்டு. ஆனால் உங்கள் நாட்களில் பெரும்பகுதியை வாங்கப்போவது இரண்டே கேள்விகள். மின்சாரத்தை ஒலியாகவும் ஒலியை மின்சாரமாகவும் மாற்றும் பீசோ படிகத்தைச் சூடான எஃகோடு எப்படிச் சேர்த்துவைப்பது? சேர்த்தது சேர்ந்தேதான் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? இரண்டாவது கேள்வி முதலாவதைவிடக் கடினம்.

முதலில் இது எதற்கு என்று பார்ப்போம். 2004 ஆகஸ்ட் 9-ஆம் தேதி ஜப்பானின் மிஹாமா அணுமின் நிலையத்தில் மூன்றாவது அலகின் டர்பைன் கட்டடத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் வெடித்தது. கதிரியக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உள்ளே அழுத்தத்தில் ஓடியது சுமார் 140 டிகிரி வெந்நீர். அது கொட்டி ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். குழாயின் சுவர் முதலில் 10 மி.மீ. கனம் இருந்தது. கிழிந்த இடத்தில் மிஞ்சியது ஒன்றரை மி.மீ.கூட இல்லை. ஓட்டத்தை அளக்கும் துளைத்தட்டுக்குப் பின்னால் சுழன்ற நீர் வருஷக்கணக்கில் இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்திருந்தது. அந்த அலகு ஓடத் தொடங்கியது 1976-ல். 28 வருஷத்தில் அந்த இடத்தை ஒருமுறைகூட யாரும் அளக்கவில்லை, ஆய்வுப் பட்டியலில் அந்த இடமே விடுபட்டிருந்தது.

10 மி.மீ. எஃகுச் சுவரை அளப்பது இந்தத் தொழிலில் மிகச் சாதாரண வேலை. எஃகில் நெட்டலை என்ற ஒலியலை நொடிக்குச் சுமார் 5900 மீட்டர் ஓடும். ஒரு மீயொலித் துடிப்பு சுவரின் மறுபக்கம் மோதித் திரும்ப 3.4 மைக்ரோநொடி ஆகும். அந்த நேரத்தை அளந்தால் கனம் கிடைத்துவிடும், இரண்டு நிமிட வேலை. ஆனால் அந்த இரண்டு நிமிடத்துக்காக நிலையத்தை நிறுத்த வேண்டும், சாரம் கட்ட வேண்டும், குழாயைச் சுற்றியிருக்கும் வெப்பக் காப்பை அறுத்தெடுக்க வேண்டும், குழாய் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். அதனால்தான் சில வருஷங்களுக்கு ஒருமுறை மட்டும் அளக்கிறார்கள். சென்சாரை அங்கேயே நிரந்தரமாக வைத்துவிட்டால் குழாய் ஓடிக்கொண்டிருக்கும்போதே தினமும் கனம் தெரியும். உங்கள் பிஎச்டியின் நோக்கம் இந்த ஒரு வரிதான். "கடுமையான சூழல்" என்ற சொல் தலைப்பில் வருவது குழாய் ஆறும்வரை காத்திருக்கப் போவதில்லை என்பதால்.

கடுமை பல வகை. மைனஸ் 162 டிகிரியில் திரவ எரிவாயுத் தொட்டி உண்டு, ஆழ்கடல் குழாய் உண்டு, அணு உலையின் கதிர்வீச்சு உண்டு. நான் வேலை செய்தது சூட்டில், அதனால் அதைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

ஸ்கேன் எடுக்கும்போது வயிற்றில் ஜெல் தடவுவார்கள், பார்த்திருப்பீர்கள். புரோபுக்கும் தோலுக்கும் நடுவே தலைமுடியைவிட மெல்லிய காற்றிடைவெளி இருந்தாலும் மெகாஹெர்ட்ஸ் ஒலி அதைத் தாண்டாமல் அப்படியே திரும்பிவிடும். எஃகிலும் அப்படித்தான். அறை வெப்பத்தில் ஒரு சொட்டு கிளிசரின் விட்டால் போதும். 400 டிகிரியில் கிளிசரின் நிற்காது. அதிக வெப்பத்துக்கென்று விற்கும் பசைகளும் சில நிமிடங்கள் அளந்துவிட்டுக் கையை எடுக்கத்தான் உதவும், வருஷக்கணக்கில் அங்கேயே கிடப்பதற்கு உதவாது.

படிகத்தின் நிலைமை அவ்வளவு மோசமில்லை. கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான புரோப்களுக்குள் இருப்பது பிஸெட்டி என்ற பீங்கான். அதற்கு ஒரு கியூரி வெப்பநிலை உண்டு. அதைத் தாண்டினால் உள்ளே ஒழுங்காக நின்ற மின் இருமுனைகள் கலைந்துவிடும். பிறகு அது வெறும் பீங்கான்தான், தட்டினால் மின்சாரம் வராது. வகையைப் பொறுத்து இது 200 டிகிரி முதல் 360 டிகிரி வரை வரும். அதில் பாதிக்கு மேல் நீண்ட நாள் ஓட்டாதே என்பது லேபில் எல்லோரும் சொல்லும் கணக்கு. அதற்கும் முன்பே ஒயரைப் பிடித்திருக்கும் சாதாரண ஈய-வெள்ளீயப் பற்றாசு 183 டிகிரியில் உருகிவிடும். படிகத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தவர்கள் முதலில் இழப்பது ஒயரை.

அதற்கு மேல் போக வேண்டுமானால் பிஸ்மத் டைட்டனேட், அதன் கியூரி வெப்பநிலை 675 டிகிரி அளவில் இருக்கும். லித்தியம் நியோபேட்டுக்கு 1100 டிகிரிக்கும் மேல். அலுமினியம் நைட்ரைடுக்கு அப்படி ஓர் எல்லையே கிடையாது, ஆனால் அதன் குரல் மெல்லியது, எதிரொலியை இரைச்சலிலிருந்து பிரித்தெடுக்கப் பாடுபட வேண்டியிருக்கும். பட்டியலைப் பார்த்தால் லித்தியம் நியோபேட்டோடு பிரச்சினை தீர்ந்தது என்று தோன்றும். பல ஆய்வு முன்மொழிவுகளும் அந்த நம்பிக்கையில்தான் எழுதப்படுகின்றன. நடைமுறையில் சுமார் 600 டிகிரியைத் தாண்டினால் அந்தப் படிகம் ஆக்ஸிஜனை இழக்கத் தொடங்கும், நிறம் கறுக்கும், மின்சாரத்தைக் கசியவிடும். தூசு புகாமல் எஃகுக் கூட்டுக்குள் வைத்து நன்றாக மூடி வெல்டு வைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். கூட்டின் எஃகே உள்ளிருக்கும் ஆக்ஸிஜனை எடுத்துத் துருவாக்கிக்கொள்ளும், படிகம் மூச்சுத் திணறும். பாதுகாக்கப் போட்ட மூடியே அதைக் கொன்றுவிடும். கூட்டுக்குள் காற்று போய்வர வழி விட வேண்டும் என்பது பட்டுத் தெரிந்துகொள்ளும் பாடம்.

அணு உலைக்கு அருகில் என்றால் இன்னொரு சிக்கலும் சேரும். இயற்கை லித்தியத்தில் ஏழரை சதவீதம்போல லித்தியம்-6 இருக்கிறது. அது மெதுவான நியூட்ரான்களை விழுங்கி ஹீலியமாகவும் டிரிட்டியமாகவும் உடையும், படிகம் உள்ளிருந்தே சிதையும். லித்தியம்-7 மட்டும் கொண்ட படிகத்தை வளர்த்து இதைத் தவிர்க்கலாம், செலவு அதிகம்.

இனி ஒட்டு. என் பிஎச்டியில் பாதிக்கு மேல் இங்கேதான் போனது, அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

துருப்பிடிக்கா எஃகு ஒரு டிகிரி சூட்டுக்குப் பத்து லட்சத்தில் 17 பங்கு விரியும். லித்தியம் நியோபேட் ஒரு திசையில் ஏறத்தாழ அதே அளவு விரியும். செங்குத்தான இன்னொரு திசையில் அதில் பாதிகூட விரியாது. வட்டமான ஒரு சில்லை எஃகில் ஒட்டி 500 டிகிரி ஏற்றினால் எஃகு எல்லாப் பக்கமும் சமமாக இழுக்கும், படிகம் ஒரு பக்கம் கூடவே போகும், மறுபக்கம் வர மறுக்கும். நடுவில் அகப்பட்டுக்கொள்வது ஒட்டு. அது கெட்டியாக இருந்தால் படிகம் விரிசல் விடும், இளக்கமாக இருந்தால் ஒலி கடக்காது. சிமென்ட் போன்ற பீங்கான் பசைகள் சூட்டைத் தாங்கும், நாலைந்து முறை சூடேறி ஆறினால் வெடிப்பு விழும். வெள்ளிக் கலவை வைத்து உயர்வெப்பத்தில் பற்றவைத்தால் ஒட்டு அருமையாக இருக்கும். ஆனால் அந்தப் பற்றவைப்பின் சூட்டையே படிகம் முதலில் உயிரோடு தாண்ட வேண்டும். அதிலும் லித்தியம் நியோபேட் சூடேறும்போதே தன் முகங்களில் மின்னேற்றம் சேர்த்துக்கொள்ளும், வேகமாக ஏற்றினால் பொறி தெறித்துப் படிகம் உடையும். இரு முகங்களையும் ஒயரால் இணைத்து, மணிக்கு இத்தனை டிகிரி என்று மெதுவாக ஏற்ற வேண்டும். மெல்லிய தங்கத் தகட்டை நடுவில் வைத்து ஸ்பிரிங்கால் அழுத்துவது இன்னொரு வழி. தங்கம் மென்மையானது, எஃகின் மேடுபள்ளங்களை நிரப்பிக்கொள்ளும், துருவும் பிடிக்காது. அங்கே சோர்ந்துபோவது ஸ்பிரிங். நீண்ட நாள் சூட்டில் கிடந்தால் அதன் அழுத்தும் விசை தளர்ந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த வழி கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் குழுமத்தில் வளர்த்தெடுத்தது. தனியாக ஒரு படிகம் செய்து ஒட்டுவதையே விட்டுவிட்டார்கள். பீசோப் பொடியைக் கூழ்போன்ற கரைசலில் கலந்து, பெயின்ட் அடிப்பதுபோல் குழாயின் மேலேயே நேராகத் தெளித்து, சுட்டு, மறுபடி தெளித்து, படலம் படலமாகச் சென்சாரை அங்கேயே கட்டினார்கள். அந்தப் படலத்தில் நிறைய நுண்துளைகள் இருக்கும். வழக்கமாகத் துளை என்றால் குறை என்போம். இங்கே அந்தத் துளைகள்தான் எஃகின் விரிவுக்கு இடம் கொடுத்து விரிசலைத் தடுக்கின்றன. வளைந்த குழாயிலும் அடிக்கலாம். குறையென்று ஒதுக்கியதைப் பலமாக்கிக்கொண்ட அந்த யோசனையை முதல்முறை படித்த அன்று எனக்கு இரவெல்லாம் தூக்கம் வரவில்லை.

என் சொந்த அனுபவம் ஒன்று. இரண்டாம் வருஷத்தில், சிமென்ட் பசையால் ஒட்டிய ஒரு சென்சாரை 450 டிகிரி ஃபர்னஸில் வைத்தேன். மூன்றாம் நாள் இரவு எதிரொலி காணாமல் போய்விட்டது. காலையில் ஃபர்னஸை அணைத்து, ஆறவைத்து, வெளியே எடுத்து அளந்தால் எதிரொலி முன்புபோலவே நின்றது. கேபிள்தான் கோளாறு என்று முடிவுகட்டி மாற்றினேன். மறுபடி ஏற்றினேன், மறுபடி போனது, ஆறியதும் மறுபடி வந்தது. இரண்டு மாதம் கேபிளையும் கனெக்டரையும் குறைசொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் சென்சாரைக் குறுக்கே அறுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது ஒட்டில் ஓரத்திலிருந்து நடு வரைக்கும் ஒரு விரிசல் ஓடியிருந்தது. சூட்டில் எஃகு இழுக்கும்போது அது திறந்தது, ஆறியதும் வாய் மூடிக்கொண்டது. ஃபர்னஸிலிருந்து எடுத்தபின் அறை வெப்பத்தில் சோதித்து "சென்சார் நன்றாக இருக்கிறது" என்று எழுதும் கட்டுரையை அன்று முதல் நான் நம்புவதில்லை. சூட்டில் இருக்கும்போது எடுத்த அளவுதான் அளவு. செத்த சென்சார் ஒன்றைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, எத்தனை மணி நேரம் எந்தச் சூட்டில் இருந்தது என்று எழுதி, அறுத்துப் பாருங்கள். என் ஆய்வேட்டில் மதிப்பீட்டாளர்கள் அதிகம் கேள்வி கேட்ட அதிகாரம் அதுதான்.

இவ்வளவு பாடும் வேண்டாம், சென்சாரைச் சூட்டிலிருந்து தள்ளியே வைப்போம் என்று யோசித்தவர்கள் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பீட்டர் காலியும் ஃப்ரெடெரிக் செக்லாவும். ஒரு மி.மீ. கனம், 15 மி.மீ. அகலம், ஓர் அடி போல நீளமுள்ள துருப்பிடிக்கா எஃகுப் பட்டையின் ஒரு முனையைக் குழாயில் இறுக்கிப் பிடித்தார்கள், மறுமுனையில் சாதாரணச் சென்சாரை வைத்தார்கள். பட்டை நெடுக ஒலி போகும், சூடு வழியிலேயே காற்றில் இறங்கிவிடும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ஒரு கம்பியை எடுத்து இதே வேலையைச் செய்து பாருங்கள். ஒரு துடிப்பு உள்ளே போனால் பத்து எதிரொலியாகக் குழம்பித் திரும்பும். ஒலி பக்கச் சுவர்களில் மோதி வேறு வகை அலையாக மாறும், ஒவ்வோர் அதிர்வெண்ணும் ஒவ்வொரு வேகத்தில் ஓடும். அவர்கள் தேர்ந்தெடுத்தது பட்டையின் அகலத் திசையில் ஆடியபடி நீளவாக்கில் ஓடும் குறுக்கலை. மெல்லிய பட்டையில் அந்த அலையின் அடிப்படை வகைக்கு எல்லா அதிர்வெண்ணிலும் ஏறத்தாழ ஒரே வேகம், அதனால் துடிப்பு சிதையாமல் போய்ச் சேரும். பட்டையின் அளவுகள் எல்லாம் இந்த ஒரு தேவையிலிருந்து வந்தவை. முனையில் பசையும் கிடையாது, அழுத்திப் பிடிப்பது மட்டும்தான். 500 டிகிரிக்கு மேலும் அது வேலை செய்தது. 2009-ல் அதிலிருந்து பெர்மாசென்ஸ் என்ற நிறுவனம் பிறந்தது, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் அவற்றைப் பொருத்தினார்கள், 2016-ல் எமர்சன் அதை வாங்கியது. இந்தத் துறையில் ஒரு ஆய்வு லேபிலிருந்து தொழிற்சாலைச் சுவர்வரை எப்படிப் போகும் என்று பார்க்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சென்சார் பிழைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது சொல்வதை நம்பலாமா? சூடேறினால் எஃகில் ஒலியின் வேகம் குறையும். 55 டிகிரி ஏறினால் அளக்கும் கனம் ஏறத்தாழ ஒரு சதவீதம் கூடுதலாகத் தெரியும். 10 மி.மீ. சுவரில் அது 0.1 மி.மீ. நிதானமாக அரிக்கும் குழாய் ஒரு வருஷம் முழுக்க இழப்பதும் அந்த அளவுதான். ஆலை சற்று அதிகச் சூட்டில் ஓடிய ஒரு வருஷத்தில் குழாய் நிஜமாகவே 0.1 மி.மீ. கரைந்திருந்தால் உங்கள் சென்சார் "மாற்றமில்லை" என்று சொல்லும். இந்தத் துறையில் நான் பயப்படுவது இந்தப் பொய்க்குத்தான். செத்த சென்சார் எதிரொலியை நிறுத்திவிடும், யாராவது ஏணி போட்டு ஏறிப் பார்ப்பார்கள். மெல்ல மெல்ல வழுவும் சென்சார் தினமும் அழகான எண்ணைக் கொடுத்துக்கொண்டே இருக்கும், யாரும் ஏற மாட்டார்கள். ஆகவே வெப்பநிலையையும் கூடவே அளந்து திருத்த வேண்டும். ஒட்டு தளர்வதால் எதிரொலியின் உருவம் மாறுவதையும், சுவர் சொரசொரப்பாவதால் உருவம் மாறுவதையும் பிரித்தறிய வேண்டும். சிக்னல் பிராசஸிங் இங்கேதான் உள்ளே வருகிறது. ஒட்டு எப்படிச் சாகும் என்று கையால் தெரிந்தவருக்குத்தான் அந்த அல்காரிதத்தை ஒழுங்காக எழுத வரும் என்பது என் உறுதியான கருத்து.

இதே தொல்லையைத் திருப்பிப்போட்டு வேலை வாங்கியவர்களும் இருக்கிறார்கள். சென்னை ஐஐடியின் அழிவில்லாச் சோதனை (பொருளை உடைக்காமலே சோதிப்பது) மையத்தில் கிருஷ்ணன் பாலசுப்ரமணியம் குழுவினர் ஒரு கம்பியில் ஆங்காங்கே வெட்டுகளோ வளைவுகளோ வைத்து மீயொலியை அனுப்பினார்கள். ஒவ்வொரு வெட்டிலிருந்தும் ஓர் எதிரொலி வரும். அடுத்தடுத்த இரண்டு எதிரொலிகளுக்கு நடுவே நேரம் கூடினால் அந்த இரண்டு வெட்டுகளுக்கு நடுவே சூடு கூடியிருக்கிறது என்று அர்த்தம். ஒரே கம்பி, பல இடத்துச் சூடு. கனம் அளப்பவருக்கு எதிரியாக இருந்த வேக மாற்றம் இங்கே தெர்மாமீட்டராகிவிட்டது.

தமிழ்நாட்டில் இருந்துகொண்டே இந்தத் துறையின் மிகக் கடினமான ஒரு பிரச்சினையைத் தொட வேண்டுமென்றால் கல்பாக்கம் போகலாம். அங்கே வேக ஈனுலை என்ற வகை அணு உலைகளைக் குளிர்விப்பது திரவ சோடியம். சோதனை ஈனுலை 1985-ல் இயங்கத் தொடங்கியது, அடுத்து 500 மெகாவாட் மாதிரி ஈனுலை கட்டினார்கள். சோடியம் 98 டிகிரியில் உருகும், சூட்டை அருமையாகக் கடத்தும். ஆனால் அது உலோகம், ஒளி புகாது. எரிபொருள் மாற்றும்போது உலையை 200 டிகிரிவரை ஆற்றிவிடுவார்கள். அப்போதும் உள்ளே என்ன இருக்கிறதென்று கண்ணாலோ கேமராவாலோ பார்க்க முடியாது, காற்றுப் படாமல் ஆர்கன் வாயுவுக்குக் கீழே மூடியே வைத்திருக்க வேண்டும். உலையின் மேல்மூடி சுழலும்போது கீழே ஏதாவது ஒன்று துருத்திக்கொண்டிருந்தால் வளையும், உடையும். 1987-ல் சோதனை ஈனுலையில் ஓர் எரிபொருள் தொகுதியை இடம் மாற்றும்போது அதுவும் வழிகாட்டிக் குழாயும் வளைந்துபோயின. சரிசெய்து மறுபடி இயக்க 1989 ஆகிவிட்டது. ஜப்பானின் மோஞ்சு உலையிலும் 2010-ல் மூன்று டன்னுக்கு மேல் எடையுள்ள எரிபொருள் மாற்றும் இயந்திரம் உலைக் கலத்துக்குள் விழுந்தது. அதை வெளியே எடுக்க அடுத்த வருஷம்வரை ஆனது.

சோடியத்துக்குள் ஒலி நன்றாகப் போகும். 200 டிகிரியில் நொடிக்குச் சுமார் 2470 மீட்டர். ஐந்து மெகாஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் அரை மி.மீ. தூரத்தை மிக நுணுக்கமாகச் சொல்ல அது போதும். அதனால் மாதிரி ஈனுலைக்கென்று சோடியத்துக்குள் இறக்கி, சுற்றிலும் கீழேயும் மீயொலியால் வருடிப் பார்க்கும் ஸ்கேனரை கல்பாக்கத்திலுள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் உருவாக்கினார்கள். மூடியைச் சுழற்றுவதற்கு முன் நடுவே எதுவும் துருத்தவில்லை என்று உறுதிசெய்வது அதன் வேலை. 2004 முதல் 2011 வரை அங்கே இயக்குநராக இருந்த பல்தேவ் ராஜ் அழிவில்லாச் சோதனைத் துறையில்தான் வளர்ந்தவர். அந்த மையத்தில் இந்தத் துறைக்கு இருக்கும் கனத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இங்கேயும் பார்த்தால் படிகம் பெரிய சிக்கல் இல்லை, 200 டிகிரிக்கு ஏற்ற பீங்கான் கிடைக்கிறது. சிக்கல் மறுபடியும் ஒட்டில்தான், அதுவும் இரண்டு ஒட்டுகள். கூட்டுக்குள் படிகத்தை முகப்புத் தகட்டோடு சேர்ப்பது ஒன்று. தகட்டைச் சோடியத்தோடு சேர்ப்பது இன்னொன்று. திரவம்தானே, தானாகத் தொட்டுக்கொள்ளாதா என்று தோன்றும். தொடாது. தாமரை இலையில் தண்ணீர் உருள்வதுபோல, அந்தச் சூட்டில் துருப்பிடிக்கா எஃகின் ஆக்ஸைடு படலத்தின் மேல் சோடியம் ஒட்டாமல் விலகி நிற்கும். இடையில் கண்ணுக்குத் தெரியாத வாயுப் படலம் மாட்டிக்கொண்டால் ஒலி வெளியே போகவே போகாது. முகப்புக்கு நிக்கல் தகடு வைப்பது அதனால்தான், நிக்கலைச் சோடியம் நனைக்கும். அந்தத் தகட்டை எவ்வளவு வழவழப்பாகத் தேய்ப்பது, எந்தச் சூட்டில் எத்தனை மணி நேரம் ஊறவைப்பது, சோடியத்தில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் எவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் முடிவுசெய்ய முடியும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தகடு தேய்க்கும் வேலையாகத் தெரியும். அந்தத் தேய்ப்பு சரியில்லையென்றால் மொத்த ஸ்கேனரும் குருடு.

பெரிதாகப் பேசப்படாத இன்னொரு விஷயம், சென்சாரை எங்கே வைப்பது. 2012 ஆகஸ்ட் 6 அன்று கலிபோர்னியாவின் ரிச்மண்டில் செவ்ரான் சுத்திகரிப்பு ஆலையில் ஒரு குழாய் கிழிந்து பெரும் தீ பிடித்தது. சுற்றுவட்டாரத்தில் சுமார் 15,000 பேர் மருத்துவ உதவி தேடிப் போனார்கள். சூடான எண்ணெயிலிருந்த கந்தகம் குழாயைத் தின்றிருந்தது. அந்த ஆலையில் கனம் அளக்காமல் இல்லை. முழங்கை வளைவுகள் போன்ற இடங்களில் அளந்துகொண்டுதான் இருந்தார்கள். ஆனால் பழைய கார்பன் எஃகில் சிலிக்கான் அளவு துண்டுக்குத் துண்டு மாறும், சிலிக்கான் குறைந்த துண்டு பக்கத்துத் துண்டைவிடப் பல மடங்கு வேகமாக அரிக்கும். கிழிந்தது அப்படிப்பட்ட ஒரு நேர்த்துண்டு. உலகத்திலேயே சிறந்த சென்சாரைப் பக்கத்து முழங்கையில் ஒட்டியிருந்தால் அது கடைசி நிமிடம்வரை "நலம்" என்றே சொல்லியிருக்கும். உங்கள் பிஎச்டி முழுக்க லேபிலேயே முடிந்துவிட்டால் இது தெரியாமலே போய்விடும். முதல் வருஷமே ஏதாவது ஓர் ஆலையில் அரிப்பைக் கவனிக்கும் பொறியாளரோடு ஒரு வாரம் சுற்றுங்கள்.

வேலை, பணம் பற்றி: இந்தியாவில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருஷம் கழித்து 42,000, வீட்டு வாடகைப்படி தனி. 2023-ல் உயர்த்திய தொகை இது. கல்பாக்கத்தில் சேர்ந்தால் பட்டம் தருவது ஹோமி பாபா தேசிய நிறுவனம். பிரிட்டனில் இம்பீரியல், பிரிஸ்டல், ஸ்ட்ராத்கிளைடு, வாரிக் ஆகிய இடங்களில் இதற்கென்றே பெரிய குழுக்கள் இருக்கின்றன. முடித்தவர்கள் சுத்திகரிப்பு ஆலை, மின் உற்பத்தி, விண்வெளி, எஃகு ஆலை, சென்சார் செய்யும் நிறுவனங்கள் என்று பரவியிருக்கிறார்கள். ஒட்டும் தெரியும், சிக்னலும் தெரியும் என்றிருப்பவர்கள் எங்கேயுமே குறைவு, நான் பார்த்தவரை அவர்கள் சும்மா உட்கார்ந்ததில்லை. என்டிடி (அழிவில்லாச் சோதனை) லெவல் சான்றிதழ் வேறு, இது வேறு. அது அளக்கத் தெரிந்தவர் என்று சொல்லும். இரண்டும் இருந்தால் ஆலைக்காரர்கள் உங்களிடம் மனம்விட்டுப் பேசுவார்கள்.

சேருவதற்கு முன் கைடிடம் சிலவற்றை மரியாதையாக, நேராகக் கேட்டுவிடுங்கள். உங்களுக்கென்று ஒரு ஃபர்னஸ் இருக்கிறதா, அல்லது நாலு பேர் வரிசையில் நிற்கிறார்களா? நீண்ட நாள் சோதனை என்றால் ஆறு மாதம் அணைக்காமல் ஓட வேண்டும், அதை இன்னொருவருக்காக நடுவில் அணைக்க நேர்ந்தால் ஆறு மாதமும் போச்சு. மின்தடைக்கு ஜெனரேட்டர் அந்த அறைக்கும் வருகிறதா? முந்தைய மாணவரின் சென்சார் அதிகபட்சம் எத்தனை மணி நேரம் சூட்டில் நின்றது, அது எப்படிச் செத்தது? இந்தக் கடைசிக் கேள்விக்கு அவர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து அறுத்த துண்டை எடுத்துக் காட்டினால் யோசிக்காமல் சேர்ந்துவிடுங்கள்.

நேர்காணலுக்கு இன்னும் நாள் இருக்கிறதென்றால், உங்கள் கல்லூரி லேபிலேயே இதைச் செய்து பாருங்கள். 25 மி.மீ. எஃகுக் கட்டை ஒன்று, சாதாரண ஐந்து மெகாஹெர்ட்ஸ் புரோப் ஒன்று, ஆசிலோஸ்கோப் ஒன்று போதும். 30 டிகிரியில் எதிரொலியின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், எட்டரை மைக்ரோநொடிக்குச் சற்றுக் கீழே வரும். பிறகு கட்டையை ஓவனில் வைத்து 80 டிகிரிக்குச் சீராகச் சூடானதும் எடுத்து உடனே அளந்து பாருங்கள். கட்டை ஏறத்தாழ 0.2 மி.மீ. வளர்ந்ததுபோல் தெரியும். ஆனால் அந்தச் சூட்டுக்கு எஃகு உண்மையில் விரிவது 0.015 மி.மீ. மட்டும். கட்டை ஆறிவரும்போது நிமிடத்துக்கு ஒருமுறை நேரத்தையும் சூட்டையும் குறித்து வரைபடம் போடுங்கள். புரோபை எடுத்து எடுத்து வைக்கும்போது புள்ளிகள் எவ்வளவு சிதறுகின்றன என்பதையும் விடாமல் குறியுங்கள், அந்தச் சிதறல்தான் ஒட்டின் கையெழுத்து. அந்த ஒரு தாளோடு நேர்காணலுக்குப் போங்கள்.